சிங்கப்பூர் வேலைக்குப் புதிதாக வந்த தம்பிக்கு: அடிபட்டால் மறைக்காதே

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வரும் தம்பிகளுக்கு இதை எழுதுகிறேன். ஏஜென்ட் கடன் தலைக்கு மேல் நிற்கும். மேட்டூர் திறந்தாச்சு, குறுவைக்குப் பணம் அனுப்பு என்று வீட்டிலிருந்து போன் வரும். அந்த நேரத்தில் அடிபட்டால் வெளியே சொல்லவே பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது.

இரும்புப் பலகைகளுக்கு நடுவே என் இடது சுண்டுவிரல் நசுங்கியது. கூட வந்த சூப்பர்வைசர், நான் வாய் திறக்கும் முன்பே "ரெண்டு நாள் எம்சி போதும் டாக்டர்" என்றார். எம்சி என்றால் டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு. மூன்றாம் நாள் கட்டோடு ஸ்டோரில் ஆணி பொறுக்கினேன். கையுறைக்குள் ரத்தம் ஊறியது. எத்தனை நாள் ஓய்வு, எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், கம்பெனி அல்ல. உங்கள் வேலை என்னவென்று நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள்: சாரம் ஏறுவது, கம்பி தூக்குவது எல்லாம்.

வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. யார் தப்பு என்று அது பார்ப்பதில்லை. ஒரு நாள் எம்சியோ, லைட் டியூட்டி என்ற இலகு வேலையோ கிடைத்தாலும் கம்பெனி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். 2020 செப்டம்பரிலிருந்து இதுதான் விதி. எம்சிக்கு 14 நாள் வரை, ஆஸ்பத்திரியில் இருந்தால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு வருஷம் வரை. முழுச் சம்பளம் என்றால் வெறும் பேசிக் இல்லை, ஓவர்டைமும் சேர்ந்த சராசரி. நம் ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். லைட் டியூட்டி நாட்களுக்கும் இதே சராசரிதான்.

காய்ச்சல், வயிற்றுவலி கணக்கு வேறு. வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆன பிறகே சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள்.

என் விரல் இன்றும் மடங்காது. நாற்று முடி கட்டும்போதெல்லாம் தெரிகிறது. நிரந்தரப் பாதிப்புக்கும் இழப்பீடு உண்டு என்று எனக்குத் தெரிந்தபோது, மனுக் கொடுக்க வேண்டிய ஒரு வருஷம் தாண்டியிருந்தது. பெர்மிட்டை கேன்சல் செய்தாலும் அந்த உரிமை போகாது, கெடுவை மட்டும் விட்டுவிடாதீர்கள். வழி தெரியாவிட்டால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

எம்சி சீட்டு, சம்பளச் சீட்டு, காயம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். போன் உடைந்தாலும் ஊரில் ஒரு பிரதி இருக்கும்.