பழைய புல்லட்டின் பின்சக்கரத்துக்கு நூல் பிடிப்பது எப்படி?

பழைய புல்லட் 350-ல் பின்சக்கரத்தை நேராக்க நம்மில் பலருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஆக்ஸிலின் இரண்டு முனையிலும் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு அட்ஜஸ்டர் இருக்கும், இடப்பக்கம் ஐந்து பல் தள்ளினால் வலப்பக்கமும் ஐந்து பல், வேலை முடிந்தது. ஒரு பட்டறையில் எனக்குப் புதுச் செயின் மாட்டியவரும் அப்படி எண்ணித்தான் கொடுத்தார். சில மாதத்தில் பின் ஸ்பிராக்கெட் பற்கள் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்துவிட்டன. முப்பது நாற்பது வருஷ வண்டியில் அட்ஜஸ்டர் தேய்ந்திருக்கும், அது முட்டி நிற்கும் முளை வளைந்திருக்கும், யாரோ ஒரு பக்கம் மட்டும் வேறு பாகம் போட்டிருப்பார்கள். அதனால் பல்லை எண்ணாதீர்கள், கொத்தனார் சுவருக்குப் பிடிப்பது போல நூல் பிடியுங்கள்.

ஐந்தாறு மீட்டர் மெல்லிய நூல், மண் நிரப்பிய இரண்டு பெயிண்ட் டப்பா, ஒரு ஸ்கேல், வண்டியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். இவ்வளவு போதும்.

நூலை எடுப்பதற்கு முன், வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ரிம் இடமும் வலமும் ஆடினால் முதலில் கோட்டம் எடுத்தாக வேண்டும், ஆடுகிற சக்கரத்துக்கு நூல் பிடிப்பது வீண் வேலை. அடுத்து சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்றால் பேரிங்கோ ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ்ஷோ போயிருக்கிறது, அதை மாற்றிவிட்டு வாருங்கள்.

சரி, இப்போது ஸ்டாண்டிலிருந்து இறக்குங்கள், இல்லையென்றால் ஸ்டாண்டின் கால் நூலை இடிக்கும். நண்பர் வண்டியை நேராக நிமிர்த்திப் பிடிக்கட்டும். நூலின் நடுப்பகுதியைப் பின் டயரின் பின்புறம் சுற்றி, இரண்டு முனையையும் முன்சக்கரத்தைத் தாண்டிக் கொண்டுபோய் டப்பாக்களில் கட்டுங்கள். சைலென்சர், ஃபுட்ரெஸ்ட் எதிலும் படாமல் எவ்வளவு உயரம் கிடைக்கிறதோ அந்த உயரத்தில், இரு பக்கமும் ஒரே மட்டத்தில். முதலில் டப்பாக்களை அகலமாக வைத்து, நூல் பின் டயரின் முன்விளிம்பைத் தொடும்வரை மெதுவாக உள்ளே நகர்த்துங்கள். தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினாலும் நூல் அங்கே மடங்கி, முன்சக்கரத்துக்குப் போவதற்குள் அந்தப் பிழை பெரிதாகிவிடும். பெரும்பாலானவர்கள் சொதப்புவது இங்கேதான்.

இப்போது ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பி, முன்சக்கரம் நூலுக்கு இணையாக நிற்கும்படி செய்யுங்கள். பழைய புல்லட்டில் முன்னும் பின்னும் 3.25-19 டயர்தான், எனவே நூல் இரு பக்கமும் முன் டயரைத் தொட்டும் தொடாமலும் ஓட வேண்டும். பின்னால் 3.50 டயர் போட்டிருந்தால் அகல வித்தியாசம் கால் அங்குலம். ஆசாரி கணக்கில் ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம், அப்படி இரண்டு நூல், ஆக பக்கத்துக்கு ஒரு நூல் இடைவெளி, சுமார் 3 மி.மீ.

வலப்பக்கம் இடைவெளி அதிகமாகி, இடப்பக்க நூல் முன் டயரை அழுத்தினால் பின்சக்கரம் வலப்பக்கம் பார்க்கிறது என்று அர்த்தம். செயின் இடப்பக்கம் இருப்பதால் செயின் தொய்வை இட அட்ஜஸ்டரில் வைத்துவிட்டு (சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் ஓர் அங்குலம் ஆடினால் போதும்), நேராக்கும் வேலைக்கு வல அட்ஜஸ்டரை மட்டும் தொடுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றித் திருகினால் சாயங்காலம் வரை அங்கேயேதான் உட்கார்ந்திருப்பீர்கள். ஆக்ஸில் நட்டுகளையும் பிரேக் பிளேட்டைச் சுழலாமல் பிடித்திருக்கும் ஆங்கர் நட்டையும் தளர்த்தி, சக்கரம் வலப்பக்கம் பார்த்தால் ஆக்ஸிலின் வலமுனையை முன்னே, இடப்பக்கம் பார்த்தால் பின்னே. ஒவ்வொரு பல்லுக்கும் ஒருமுறை நூலைப் புதிதாக வைத்துப் பார்க்க வேண்டும், சோம்பல்பட்டால் பயனில்லை.

ஒரு சிக்கல் உண்டு. சக்கரம் நேராக இருந்தும் மொத்தமாக ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் நூல் இதே மாதிரிதான் காட்டும். எனவே முடித்தபின் பின்னாலிருந்து குனிந்து செயினைப் பாருங்கள். அது இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் நூல் பிடித்தாற்போல ஓட வேண்டும். நூல் சரி, செயின் கோணல் என்றால் அட்ஜஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்பேசர் மாறியிருக்கலாம், ஸ்போக் கட்டும்போது ரிம் ஒரு பக்கம் இழுக்கப்பட்டிருக்கலாம், எப்போதோ விழுந்து ஸ்விங் ஆர்ம் வளைந்திருக்கலாம்.

இறுக்கும்போது இரண்டு அட்ஜஸ்டரும் முளையில் நன்றாக முட்டி நிற்கட்டும். பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி ஆக்ஸில் நட்டுகளை முடுக்குங்கள், அப்புறம் ஆங்கர் நட்டு. இதை மறந்துவிட்டு ரோட்டுக்குப் போகாதீர்கள். சக்கரம் நகர்ந்ததால் பிரேக் ராடின் அளவும் மாறியிருக்கும், அதையும் சரிசெய்து, நூலை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். நட்டு முடுக்கும்போது சக்கரம் கொஞ்சம் நகர்வது எனக்குப் பாதி தடவை நடக்கிறது.