நாயுடன் ஃபெசன்ட் வேட்டை: தெற்கு டகோட்டாவுக்குக் கிளம்பும் முன்

அமெரிக்க மாநிலமான தெற்கு டகோட்டாவில், கோழியினக் காட்டுப் பறவையான ஃபெசன்ட்டை வேட்டையாடும் சீசன் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை தொடங்கும். நாளொன்றுக்கு மூன்று சேவல்தான், பெட்டையைச் சுடக்கூடாது. வெளிமாநிலத்தவர் சிறுவேட்டை உரிமத்தை (பறவைகள், சிறு விலங்குகளை வேட்டையாடும் அனுமதி) முன்பே எடுத்துவிட்டு, மாநில வரைபடத்தில் பொதுமக்களுக்குத் திறந்த நிலங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டாட்சி அரசின் நீர்ப்பறவை நிலங்களில் ஈயக் குண்டுக்குத் தடை. எஃகுக் குண்டு மட்டும் கொண்டுபோனால் எங்கும் குழப்பமில்லை.

பயணம் கெடுவது பெரும்பாலும் நாயால்தான், அதாவது நாயைத் தயார்செய்யாத நம்மால். ஆறு வாரம் முன்பே ஓட்டப் பயிற்சியைத் தொடங்கி, மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். சோபாவிலேயே கிடந்த நாய்க்கு முதல் நாளே பாதம் தோலுரியும். முழு உணவை இரவில் கொடுங்கள். வயிறு நிறைந்து ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

அக்டோபர் வெயிலைக் குறைத்து எடைபோடாதீர்கள். உயரமான புல்லுக்குள் காற்றே புகாது. மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எனக் கணக்கிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நாக்கு அகன்று தொங்கி, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் வேட்டையை அங்கேயே நிறுத்துங்கள். உடல் முழுதும் தண்ணீர் ஊற்றிக் காற்றுப்படச் செய்து, மருத்துவரிடம் ஓடுங்கள். அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் எண் முன்பே கைபேசியில் இருக்கட்டும்.

முதலுதவிப் பையில் இடுக்கி, கண் கழுவ உப்புநீர், ஒட்டுக்கட்டுத் துணி போதும். மாலையில் காது, கண், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள்: புல்லின் கூர்முள் தோலுக்குள் புகுந்தால் பின்னோக்கி வராது, உள்ளேயே நகர்ந்து சீழ்பிடிக்கும்.