ஐ ஆட்டோஃபோகஸுக்கு மாறுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வாங்கும் கல்யாண போட்டோகிராபர்கள் முதல் மாதத்தில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "இனி ஃபோகஸைப் பற்றிக் கவலையே இல்லை" என்பார் ஒருவர். "அது இஷ்டத்துக்குப் போகுது, பழசே தேவலை" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறுதான். ஐ ஆட்டோஃபோகஸில், ஆளின் கண்ணைத் தேடிப் பிடித்து அதில் ஃபோகஸ் வைப்பது கேமராவின் வேலை. யார் கண்ணை என்று சொல்வது நம் வேலை.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு முகூர்த்தத்தில். கெட்டிமேளம் கொட்டுகிறது, மாப்பிள்ளை தாலியை எடுத்துவிட்டார். கேமரா ஃபோகஸைத் தேடும் இடமான ஃபோகஸ் ஏரியா ஃப்ரேம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. மணப்பெண் தலையைக் குனிந்ததும் அவர் கண் கேமராவுக்குத் தெரியாமல் போனது. ஃபோகஸ் எங்கே என்று திரையில் காட்டும் சின்னக் கட்டம் ஒரே தாவாகத் தாவி, பின்னால் விளக்கேந்தி நின்ற நாத்தனாரின் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. வரிசையாகப் பதினோரு படம்; எல்லாவற்றிலும் நாத்தனார் பளிச்சென்று இருக்கிறார், தாலி வாங்கும் பெண் மங்கல். இப்போதெல்லாம் மேடை ஏறியதும் ஏரியாவைச் சின்னதாக்கி, மணப்பெண் முகத்தின்மேல் நிறுத்திவிட்டுத்தான் கண்ணைத் தேடும் வேலையைக் கேமராவிடம் விடுகிறேன்.

அப்புறம் அட்சதை. டிராக்கிங் சென்சிட்டிவிட்டி, அதாவது குறுக்கே வருவதற்கு ஃபோகஸ் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்கிற அமைப்பு, கூடுதலாக இருந்தால், குறுக்கே நீளும் கைக்கும் பறக்கும் அரிசிக்கும் ஃபோகஸ் ஓடிவிடும். மேடைக்கு அதைக் குறைத்து வையுங்கள். அப்போதுதான் குறுக்கே எது வந்தாலும் கேமரா கொஞ்சம் பொறுத்திருக்கும்.

பழைய கைப்பழக்கம் ஒன்றும் இங்கே காலை வாரும். நடுப் புள்ளியில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு ஃப்ரேமை நகர்த்துவோமே, அது. 85 மி.மீ. லென்ஸில் துளையை எஃப் 1.4 அளவுக்கு அகலமாகத் திறந்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒரு முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் இரண்டரை சென்டிமீட்டர். நாம் லேசாக முன்னே சாய்ந்தாலே கண் போய் காது தெளிவாகிவிடும். ஆள் நகர நகர ஃபோகஸை மாற்றிக்கொண்டே இருக்கும் தொடர் ஃபோகஸில் வைத்து, கட்டம் கண்ணோடு நகரட்டும் என்று விடுங்கள்.

படம் மங்கலாக இருந்தால் உடனே ஃபோகஸைத் திட்டாதீர்கள். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜிமிக்கியோ பின்னால் உள்ள பூவோ தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. மண்டப வெளிச்சத்தில் ஷட்டரை 1/60 நொடியில் வைத்துக்கொண்டு ஐ ஆட்டோஃபோகஸைக் குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புது ஃபோகஸ் வரும்போது கோபமும் கூடவே வருவது பழைய கதை. 1985-இல் மினோல்டா 7000 என்ற ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் கேமரா வந்தபோது, அதில் நடுவில் ஒரே ஒரு ஃபோகஸ் இடம்தான். மங்கிய வெளிச்சத்தில் திணறியது. அன்றைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. 1987-இல் கேனான், லென்ஸை கேமராவில் மாட்டும் பழைய எஃப்டி மவுண்டைக் கைவிட்டு ஈஎஃப் மவுண்டுக்குப் போனது. காசு போட்டு வாங்கிய லென்ஸ்கள் புது பாடியில் பொருந்தவே இல்லை. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்த அதே ஈஎஃப்தான் பின்னால் விளையாட்டு போட்டோகிராபர்களைக் கூட்டமாக இழுத்தது. செலவின் மீதான கோபத்தை ஃபோகஸ் மீதான தீர்ப்பாக்கிவிடாதீர்கள்.

இந்த முறை லென்ஸ்களை அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம். ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் கேனானின் மிரர்லெஸ் ஆர்எஃப் பாடிகளில் ஆட்டோஃபோகஸோடு ஓடும். நிக்கான்காரர்கள் மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களை நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக மிரர்லெஸ் பாடியில் மாட்டினால், ஃபோகஸ் வளையத்தைக் கையால்தான் திருப்ப வேண்டியிருக்கும்.