உடைந்த நம்பர் பிளேட்டைத் திருத்தும்போது செய்யக்கூடாதவை

கொழும்பில் ஒரு சிக்னலில் நின்று முன்னால் நிற்கும் பைக்குகளின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒன்றின் பிளேட் கேபிள் டையில் தொங்கும், இன்னொன்றில் மூலை மடிந்து கடைசி இலக்கம் மறைந்திருக்கும். அடுத்ததில் யாரோ மார்க்கரால் இலக்கத்தைக் கறுப்பாக்கியிருப்பார்கள், வெயிலில் அது ஊதாவாக மாறியிருக்கும். பிளேட் உடைவது பெரிய விஷயமே இல்லை. அதைத் திருத்தப்போய் கெடுப்பதுதான் அதிகம்.

முதல் தவறு, ஏன் உடைந்தது என்று பார்க்காமல் பிளேட்டில் கை வைப்பது. பின்பக்க பிளேட் மெல்லிய அலுமினியத் தகடு. பெரும்பாலான பைக்குகளில் அது மட்காட்டின் நுனியில், இரண்டு போல்ட்டை மட்டும் நம்பி நிற்கிறது. தோண்டி மூடிய வீதிகளில் ஓடும்போது தகட்டின் கீழ்ப்பாதி விடாமல் அதிர்கிறது. அலுமினியம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைந்தால் விறைத்துப்போய் வெடிக்கும், வெடிப்பு பெரும்பாலும் போல்ட் துளையின் ஓரத்தில்தான் தொடங்கும். ஆகவே பிளேட்டைக் கழற்றியதும் அதன் முதுகைப் பாருங்கள். கறுப்பாக உரசிய தடம் இருந்தால் பின்சில்லு டயர் அதில் படுகிறது. பின்னால் ஒருவரை உட்காரவைத்து, டயருக்கும் பிளேட்டுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். டயர் படுகிறதென்றால் திருத்த வேண்டியது பிளேட்டைத் தாங்கும் பிராக்கெட்டை அல்லது ஷொக் அப்சோர்பரை. அதை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் ஒட்டினால் கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடியும் வெடிக்கும்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. இனி ஒரே ஒரு விதி: வேலை முழுக்கப் பிளேட்டின் முதுகில்தான், முகத்தில் எதுவும் செய்யக்கூடாது. நம் பிளேட்டின் முகப்பில், முன் பிளேட்டில் வெள்ளை, பின் பிளேட்டில் மஞ்சள், ஒளியைத் திருப்பி அனுப்பும் மெல்லிய படலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. இரவில் பின்னால் வரும் வாகனத்தின் வெளிச்சத்தில் இலக்கம் பளிச்சென்று தெரிவது அதனால்தான். பெற்றோலிலோ தின்னரிலோ துணியை நனைத்துத் தேய்த்தால் அழுக்கோடு அதுவும் போய்விடும். உப்புத்தாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். கறுப்பு உதிர்ந்த இலக்கத்தை பெயின்டாலோ ஸ்டிக்கராலோ நிரப்புவதும் இதே தவறுதான். பகலில் நன்றாகத் தெரியும், ஆனால் பொலிஸ்காரர் டோர்ச் அடித்ததும் கை வைத்த இடம் தனியாகத் தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் கொடுக்கும் விளக்கம் எடுபடுமா என்பது அவருடைய அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

மடிந்த தகட்டை நிமிர்த்தும்போது சுத்தியலை எடுப்பவர்கள் பலர். இரும்புச் சுத்தியலால் தட்டினால் புடைத்து நிற்கும் எழுத்துகள் தட்டையாகும், படலம் சுருங்கி வெடிக்கும். பிளேட்டைக் கழற்றி, வழவழப்பான பலகையில் தடித்த துணி விரித்து, முகம் கீழே இருக்கும்படி வைத்து, முதலில் கையால் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் கையே போதும். மிச்சத்தை ரப்பர் சுத்தியலால், மடிப்பின் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி மெதுவாகத் தட்டலாம். நூறு வீதம் நேராக்க நினைக்காதீர்கள். இலக்கம் தெளிவாகத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், ஒவ்வொரு தடவை வளைக்கும்போதும் அந்த இடம் இன்னும் பலவீனமாகிறது.

வெடிப்புக்கு வருவோம். சூப்பர் குளூ ஊற்றுவது வெறும் ஆறுதல்தான். அது காய்ந்ததும் கண்ணாடிபோல் விறைத்துவிடும், பைக்கின் அதிர்வுக்குத் தாங்காது. வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனால், நல்ல பாஸ் என்றால் கையிலேயே வாங்கமாட்டார். சாதாரண ஆர்க் வெல்டிங்குக்கு இந்தத் தகடு மிக மெல்லியது, ஓட்டை விழும், சூட்டில் முகப்புப் படலம் பொங்கிவிடும். பிராக்கெட் இரும்பு என்றால் அதை வெல்ட் பண்ணலாம், ஆனால் கழற்றிக் கொண்டுபோங்கள். பைக்கில் வைத்தே அடிக்க வேண்டியிருந்தால் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். இப்போதைய இன்ஜெக்‌ஷன் பைக்குகளில் அந்தச் சின்னக் கவனம் இல்லாததால் எலக்ட்ரோனிக் பெட்டி போய்விட்டால், செலவு பிளேட்டோடு நிற்காது.

வெடிப்பு மேலும் ஓடாமல் தடுக்க ஒரு பழைய தொழில் வித்தை இருக்கிறது. வெடிப்பு முடியும் நுனியைக் கண்டுபிடித்து அங்கே இரண்டு, இரண்டரை மில்லிமீற்றர் பிட்டால் ஒரு சின்ன ஓட்டை போடுவது. கூர்மையான நுனி வட்டமாகிவிடுவதால் இழுவிசை ஓரிடத்தில் குவியாது, வெடிப்பு அங்கேயே நிற்கும். ஆனால் இலக்கத்துக்குள் வெடிப்பு ஓடியிருந்தால் இதைச் செய்யாதீர்கள். எழுத்தின் மேல் துளையோ போல்ட் தலையோ வந்தால் 3 சிலநேரம் 8 ஆகத் தெரியும். கொழும்பில் 2024 ஜனவரியில் இருந்து சிசிரிவி கமராவில் பதிவாகும் வீதிக் குற்றங்களுக்குப் பொலிஸார் நடவடிக்கை எடுக்கிறார்கள், அறிவித்தல் வாகனத்தின் பதிவு உரிமையாளருக்குப் போகிறது. உங்கள் 3 யாருடையதோ ஒரு 8 ஆகத் தெரிந்தால் உங்களுக்கும் அவருக்கும் வீண் அலைச்சல்.

பின்னால் தாங்கு கொடுப்பதுதான் உண்மையான வேலை. இங்கே பெரும்பாலானோர் செய்வது, கிடைத்த தடித்த இரும்புத் தகட்டை வைத்து முடுக்குவது. பிளேட் உடையாது, உண்மைதான். ஆனால் அவ்வளவு பாரமும் மட்காட்டின் பிளாஸ்டிக் நுனியில் ஆடும், அடுத்து உடைவது மட்காட். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலோரமாக வண்டி நிறுத்துபவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்றில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போய் வெள்ளையாகப் பொரிந்துவிடும்.

பிளேட்டின் அளவுக்கே வெட்டிய ஒன்றரை மில்லிமீற்றர் அலுமினியத் தகடோ, மூன்று மில்லிமீற்றர் பிளாஸ்டிக் பலகையோ போதும். குவாரி வீதி ஹார்ட்வெயார் கடைகளில் துண்டாகக் கேட்டுப் பாருங்கள், முழுத் தகடு வாங்கத் தேவையில்லை. மூலைகளை அரத்தால் வட்டமாக்கிவிடுங்கள், பைக்கைத் துடைக்கும்போது கை கிழியாது. பிளேட்டையும் பலகையையும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்த பிறகு தடித்த ஃபோம் டேப் போடலாம். சிலிக்கோன் பூசுவதென்றால் வினாகிரி மணம் அடிக்கும் வகை வேண்டாம், அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். நான்கு பக்கமும் அடைத்துவிடாமல் கீழ் ஓரத்தைத் திறந்து விடுங்கள், மழைத்தண்ணீர் வெளியேற வழி வேண்டும். டேப்போ சிலிக்கோனோ துணைதான், பிளேட்டைப் பிடிப்பது போல்ட்தான்.

அந்தப் போல்ட்டில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். பழைய துருப்பிடித்த போல்ட்டையே திரும்பப் பூட்டாதீர்கள். ஆறு மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் போல்ட், முன்னும் பின்னும் ரப்பர் வொஷர், அதற்கு மேல் அகலமான உலோக வொஷர், கடைசியில் உள்ளே நைலோன் வளையம் உள்ள நட். அகல வொஷர் அழுத்தத்தைப் பரப்பும், ரப்பர் அதிர்வை வாங்கிக்கொண்டு உலோகங்களையும் பிரித்து வைக்கும், நைலோன் நட் தானாகக் கழலாது. ரப்பர் பிதுங்கும்வரை முடுக்க வேண்டாம்.

கேபிள் டை அவசரத்துக்கு மட்டும். அதுவும் கறுப்பு டை எடுங்கள், வெள்ளை டை நம் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். இலக்கத்தைக் காக்கிறேன் என்று முகப்பில் நிறக் கண்ணாடிப் பலகை போடுவது வேண்டவே வேண்டாம், மறைக்கப் பார்க்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

கடைசியாக, பிளேட் இரண்டாகப் பிளந்தோ இலக்கம் உரிந்தோ போயிருந்தால் திருத்தும் ஆசையை விட்டுவிடுங்கள். ஸ்டிக்கர் கடையில் அசல்போலவே செய்து தருவார்கள். ஆனால் இப்போதைய பிளேட்டுகளைப் பாதுகாப்பு அடையாளங்களுடன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம்தான் வழங்குகிறது, கடையில் செய்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் அது போலிதான். நாரஹேன்பிட்டி அலுவலகத்தில் மாற்றுப் பிளேட்டுக்கு விண்ணப்பியுங்கள். உடைந்த துண்டுகளைத் தூக்கி எறியாமல் பதிவுச் சான்றிதழோடு எடுத்துப் போங்கள். பிளேட் எங்கோ விழுந்து தொலைந்திருந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாடு. உங்கள் இலக்கம் வேறொரு பைக்கில் ஏறி ஏதாவது நடந்தால், உங்களிடம் இருக்கும் ஆதாரம் அந்த முறைப்பாட்டுப் பிரதிதான்.