ஸ்காலாவில் ஃபியூச்சர்களைக் கோத்து எழுதும் முறை

சிங்கப்பூரின் தேக்கா பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கு, அடுத்த பேருந்து எப்போது வரும், அதற்குள் மழை பிடித்துக்கொள்ளுமா என்ற இரண்டையும் ஒரே திரையில் காட்டும் செயலியை ஸ்காலா நிரல்மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பேருந்து வருகை நேரத்தை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் என்னும் தரவுச் சேவை தருகிறது. இரண்டு மணி நேர வானிலை முன்னறிவிப்பு அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கிறது. பதில் வரும்வரை திரெட்டை (நிரலை ஓட்டும் இழையை) முடக்கி வைக்காமல், ஒவ்வொரு கேள்வியின் விடையையும் ஒரு ஃபியூச்சராக, அதாவது பின்னர் வந்து சேரும் மதிப்பாக, பெற வேண்டும்.

ஒன்றின் விடையைக் கொண்டு அடுத்ததைக் கேட்க ஃபிளாட்மேப் உதவும். ஆனால் அதை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதினால் நிரல் வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும். ஃபார் அமைப்பு அதைச் சீராக்குகிறது:

ஃபார் {
  நிறுத்தம் <- அருகிலுள்ளது(இடம்)
  பேருந்து <- வருகை(நிறுத்தம்)
  மழை <- முன்னறிவிப்பு(இடம்)
} ஈல்டு திரை(பேருந்து, மழை)

கம்பைலர் கடைசி அம்புக்குறி வரியை மேப் ஆகவும் (வந்த விடையை வேறு மதிப்பாக மாற்றுவது), மற்றவற்றை ஃபிளாட்மேப் ஆகவும் மாற்றிவிடும். பார்க்க அழகாக இருந்தாலும் இதில் ஒரு வீண் தாமதம் ஒளிந்திருக்கிறது. மழைக்கும் நிறுத்தத்துக்கும் தொடர்பே இல்லை; எனினும் முதல் இரண்டு விடைகளும் வந்த பிறகே மூன்றாவது கேள்வி புறப்படுகிறது. அவை முறையே 200, 400, 500 மில்லிவினாடி எடுத்தால் மொத்தம் 1,100 ஆகும்.

ஸ்காலாவின் ஃபியூச்சர் உருவான கணமே ஓடத் தொடங்கும் என்பதால், ஃபாருக்கு முன்பே 'வால் மழைக்கேள்வி = முன்னறிவிப்பு(இடம்)' என்று எழுதிவிட்டு, உள்ளே 'மழை <- மழைக்கேள்வி' என்று மட்டும் வைத்தால், காத்திருப்பு ஏறத்தாழ 600 மில்லிவினாடியாகக் குறையும். இங்கே வால்தான் வேண்டும். தேவைப்படும்போது மட்டும் மதிப்பிடும் டெஃப் அல்லது லேசி வால் போட்டால் கேள்வி மறுபடியும் உள்ளே போய் நின்றுவிடும்.

ஏதேனும் ஒரு ஃபியூச்சர் தோற்றால் முழுக் கோவையும் தோற்கும். மழைத் தகவல் இல்லாவிட்டாலும் பேருந்து நேரத்தைக் காட்டியாக வேண்டும் என்பதால், தோல்விக்குப் பதில் ஒரு மாற்று மதிப்பைத் தரும் ரிக்கவரை ஃபாரின் முடிவில் ஒட்டாமல், மழைக்கேள்வியை உருவாக்கும் இடத்திலேயே சேர்த்து, 'தகவல் இல்லை' என்ற மதிப்பைத் திருப்புவது நல்லது. ஃபாருக்குள் இஃப் நிபந்தனை வைப்பதை நான் தவிர்க்கிறேன். நிபந்தனை பொய்த்தால் காரணம் விளங்காத ஒரு நோ சச் எலிமென்ட் பிழையே மிஞ்சும்.

சி ஷார்ப் மொழியில் எழுதுவோர், 2007இல் வந்த லிங்க் வினவல் தொடரமைப்பை டாஸ்க்குகளுக்கும் (ஃபியூச்சருக்கு அங்குள்ள இணை) பயன்படுத்தலாம். செலக்ட், செலக்ட்மெனி ஆகிய இரண்டு நீட்சி மெத்தட்களை டாஸ்க்குக்கு எழுதிக் கொடுத்தால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். இருந்தாலும் டாஸ்க்கின் விடைக்குத் திரெட்டை முடக்காமல் காத்திருக்கும் அவெய்ட் 2012 முதல் இருப்பதால், அங்கே அதையே பரிந்துரைப்பேன். அசிங்க் மெத்தட் தரும் டாஸ்க்கும் அழைத்தவுடனே ஓடத் தொடங்கிவிடுவதால், மழைக்கேள்வியை முன்கூட்டியே அனுப்பும் உத்தி அவெய்ட்டுக்கும் அப்படியே பொருந்தும்.