காதல் கிளிக்கர் கேமில் காசை விடாமல் இருக்க

க்ரஷ் க்ரஷ் மாதிரி கேம்களை இலவசம் என்றுதான் எல்லாரும் இறக்குகிறோம். தட்டித் தட்டி ஒருத்தியின் மனதை இளக்க வேண்டும், பூ வாங்கிக் கொடுக்க வேண்டும், பூவுக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு வேலைக்குப் போக வேண்டும், அந்த வேலை நீங்கள் சும்மா இருந்தாலும் தானாக ஓடும். கேம் செய்தவர்கள் காசு பார்ப்பது பொறுமை இல்லாதவர்களிடம்தான்.

சுங்கை சிப்புட் பக்கம் தொழிற்சாலை வேனுக்கு நிற்கிற நேரத்தில் நம் பிள்ளைகள் விரல் தேயத் தட்டுவார்கள். ஆரம்பத்தில் சரி. அப்புறம் தானாக வருகிற வரவு பெருகிவிடும், தட்டி வருவது வெறும் சில்லறை.

விலை ஏறும் விதம் தெரியாமல்தான் பலர் மாட்டுகிறார்கள். 2013இல் வந்த குக்கி கிளிக்கர் என்ற தட்டும் கேமில், பிஸ்கட் செய்து தரும் ஒரே கட்டடத்தைத் திரும்ப வாங்கும் ஒவ்வொரு முறையும் விலை 15 விழுக்காடு கூடும். 10 வாங்கினால் ஏறக்குறைய 4 மடங்கு, 20 வாங்கினால் 16 மடங்கு. காதல் கேமிலும் போகப் போகக் கேட்கிற பரிசு இப்படித்தான் மலையாகும். அந்த இடத்தில் நிஜக் காசு கொடுத்து வைரம் (கேமுக்குள் செலவழிக்கும் பணம்) வாங்காதீர்கள், ரீசெட் செய்யுங்கள். "இவ்வளவு தூரம் பழகியாச்சே, அழிக்கிறதா?" என்று சிலர் அந்தப் பட்டனைத் தொடவே மாட்டார்கள். க்ரஷ் க்ரஷில் ரீசெட் செய்தால் உறவும் வேலையும் முதலிலிருந்து தொடங்கும், ஆனால் கேமின் வேகம் கூடும், வைரம் அப்படியே இருக்கும், போன தடவை இழுத்தடித்த இடத்தை இந்தத் தடவை சட்டென்று தாண்டிவிடலாம். அதற்காக அடிக்கடி அழுத்துவதும் வீண். வேகம் நன்றாக ஏறும் என்று தெரிந்த பிறகு அழுத்துங்கள்.

சும்மா கிடைத்த வைரத்தையும் நேரத்தைத் தாண்டுவதற்குக் கரைக்க வேண்டாம். இன்றைக்குச் சில மணி நேரம் மிச்சமாகும், நாளைக்கு அதே சுவரில் முட்டி நிற்பீர்கள். அந்த வைரத்தில் கூடுதல் நேரக் கட்டம், அதாவது வேலைகளை ஓட்டுவதற்கான இடம், வாங்கினால் ரீசெட்டுக்குப் பிறகும் இருக்கும், இன்னொரு வேலை கூடவே ஓடும்.

"உன்னைக் காணோமே" என்று கேமிலிருந்து இரவில் செய்தி வந்தால் உருகாதீர்கள், உங்களைத் திரும்ப இழுக்க வைத்த மணி அது. நோட்டிஃபிகேஷனை அடைத்துவிடலாம்.

தோட்டத்துக்குள்ளே லைன் விட்டுவிட்டு வரும் இடத்தில் விளம்பரம் பார்த்துப் பரிசு வாங்க உட்காராதீர்கள். பாதியில் நின்றால் டேட்டாவும் போய், பரிசும் வராமல் போகலாம். கணக்கோடு இணைக்காமல் போனை மாற்றினால் மொத்த ஆட்டமும் போய்விடலாம்.

கடைசியாக வீட்டுப் பெரியவர்களுக்கு. அம்மாவின் ப்ரீபெய்ட் போனில் பிள்ளை விளையாடினால், கூகுள் பிளேயில் டெல்கோ வழிக் கட்டணம் (போன் கிரெடிட்டிலேயே கழிப்பது) திறந்திருந்தால், கடையில் போட்ட 10 வெள்ளி ரீலோட் ஒரே தட்டலில் வைரமாகிவிடும். ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி செட்டிங்கில் மாற்றுங்கள், கேமின் வயது வரம்பையும் ஒரு பார்வை பாருங்கள், இந்த வகையில் பெரியவர்களுக்கானதும் உண்டு. தெரியாமல் வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயிலேயே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அதைத் தாண்டினால் கேம் செய்தவர்களிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.