கிணற்று மோட்டாரின் பிரஷர் டேங்கை நாமே மாற்றுதல்

குழாயைத் திறந்து கை கழுவி முடிப்பதற்குள் மோட்டார் இரண்டு மூன்று முறை ஓடி ஓடி நிற்கிறது என்றால், முதலில் பிரஷர் டேங்கைத்தான் சோதிக்க வேண்டும். டேங்கினுள் உள்ள ரப்பர் பையில் தண்ணீரும், பையைச் சுற்றிக் காற்றும் இருக்கும். அமுங்கிய காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளுவதால்தான், மோட்டார் ஓடாதபோதும் குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறது. பை கிழிந்தால் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் அமுங்காது என்பதால் அழுத்தம் நொடியில் ஏறி நொடியில் இறங்கும். இப்படியே ஓடவிட்டால் மோட்டாரே எரிந்துபோகக்கூடும்.

பைக் டயரில் இருப்பதைப் போன்ற ஒரு காற்று வால்வு டேங்கின் மேல்புறத்தில் இருக்கும். அதன் மூடியைக் கழற்றி, நடுவில் உள்ள ஊசியை நகத்தால் அழுத்துங்கள். தண்ணீர் பீறிட்டால் பை கிழிந்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும். காற்று மட்டும் வலுவின்றி வந்தால், டேங்கை வடித்துவிட்டுக் காற்றை நிரப்பிச் சில நாள் பாருங்கள், அதுவே போதுமானதாக இருக்கலாம்.

மாற்றுவது என்று முடிவானால், மோட்டாரின் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்தி, டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, வடிகால் வால்வையும் வீட்டுக் குழாய் ஒன்றையும் திறந்துவிடுங்கள். அழுத்தத்தைக் காட்டும் கேஜ் பூஜ்யத்தைக் காட்டினாலும், அதன் முள் சிக்கியிருக்கக்கூடும் என்பதால், தண்ணீர் முற்றிலும் நின்ற பிறகே இணைப்பில் கை வையுங்கள். கிழிந்த பைக்கு வெளியே தண்ணீர் தங்கியிருந்தால் டேங்க் எதிர்பாராத அளவு கனக்கும். தூக்குவதற்கு இன்னொருவர் உடனிருப்பது அவசியம். மரையைத் திருகும்போது ஒரு ரெஞ்சால் பழைய பைப்பைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் திருப்பினால் பைப் முறுக்கிக்கொள்ளாது.

இந்த வேலையில் பலர் தவறவிடுவது காற்றழுத்தத்தைத்தான். புதிய டேங்கை இணைப்பதற்கு முன்பே, அது காலியாக இருக்கும்போதே, டயர் கேஜால் அளந்து, மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைவாக வையுங்கள். அழுத்தத்திற்கேற்ப மோட்டாரை ஓடவிட்டு நிறுத்தும் சுவிட்ச், மோட்டாரை 30-இல் தொடங்கி 50-இல் நிறுத்துமானால் 28 இருக்க வேண்டும். தண்ணீர் ஏறிய பிறகு அளந்தால் கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தத்தையே. காற்று அதிகமானால் மோட்டார் தொடங்கும் முன் குழாயில் தண்ணீர் ஒரு கணம் அறுந்துபோகும். குறைந்தால் பை அளவுக்கு மீறி விரிந்து சீக்கிரம் தேயும்.

டெஃப்ளான் டேப்பை மரை திருகும் திசையிலேயே மூன்று நான்கு சுற்று சுற்றி, டேங்கைச் சமதளத்தில் நிறுத்தி இணையுங்கள். சுவிட்சுக்கும் டேங்குக்கும் இடையே வால்வு எதுவும் வைக்காதீர்கள். அது மூடிக்கிடந்தால் டேங்க் இருந்தும் பயனில்லை.

வடிகாலை மூடி, ஒரு குழாயைத் திறந்தபடியே மோட்டாரை ஓடவிட்டு, காற்று வெளியேறித் தண்ணீர் சீரானதும் குழாயை மூடுங்கள். மோட்டார் 50-இல் நின்றதும் வடிகாலைத் திறந்து, மறுபடி அது ஓடத் தொடங்கும் வரை வரும் தண்ணீரை வாளியில் அளந்து பாருங்கள். 75 லிட்டர் டேங்கிலிருந்து ஏறக்குறைய 20 லிட்டர் வர வேண்டும். மறுநாள் காலையில் ஒவ்வொரு இணைப்பின் மீதும் உலர்ந்த காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் ஈரக் கறை காட்டிக்கொடுக்கும்.